சாத்தான்குளம் பக்கம் ஒன்றரை ஏக்கர் செவல்: நிலாவிரை போடலாமா?

விளைக்காரன்:

வணக்கம். சாத்தான்குளத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செவல் (செம்மண்) காடு இருக்கிறது. தாத்தா நாளில் முருங்கை நின்ற இடம். இப்போது வரப்போரப் பனைகளும் நடுவில் தானாக முளைத்த ஆவாரையும்தான் மிச்சம். கிணறு உவர்ந்துவிட்டது. நான் வெளியூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம், தினமும் காட்டுக்குப் போக முடியாது. தண்ணீர் அதிகம் கேட்காத, ஆடு வாய் வைக்காத, ஒருமுறை போட்டால் சில வருடம் நிற்கிற மூலிகையாகத் தேடியதில், மலமிளக்கி மருந்துக்காக இலையை விற்கிற நிலாவிரையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். "விதையை வீசிவிட்டுப் போ, மூன்றாம் மாதம் வந்து பணத்தை எண்ணு" என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். அவர் பேச்சில் எவ்வளவு தேறும்? போட்டவர்களும் வாங்கி விற்றவர்களும் சொல்லுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:

தம்பி, விதையை வீசிவிட்டுப் போகலாம். செடியும் வரும். பணத்தை எண்ணுவதுதான் அவ்வளவு லேசில் நடக்காது.

நான் நாட்டு மருந்துச் சரக்கு வாங்கி விற்றவன். நிலாவிரையில் செடி வளர்ப்பது பாதி வேலைகூட இல்லை, இலையைக் காய வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாக்கைப் பிரித்ததும் வியாபாரி மேல் இலையைப் பார்க்க மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். மஞ்சள் கலந்த பச்சை நிறம், உடையாத இலை, ஈர்க்கும் குச்சியும் கலக்காத சரக்கு, கையில் இறுக்கினால் மொறுமொறுவென்ற சத்தம் என்றால் அது ஒரு விலை. ஓரம் கறுத்து, பனி குடித்த வாடை அடித்தால் வேறு விலை. பல நேரம் அதற்கு விலையே இல்லை, "கொண்டு போங்கள்" என்றுவிடுவார்கள்.

வெயிலில் கொட்டி அவசரமாகக் காய வைத்தால் இலை வெளிறிவிடும். நிழலில் மெல்லிசாகப் பரப்பி ஒரு வாரம், பத்து நாள் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மார்கழிப் பனியில் ஓர் இரவு திறந்து கிடந்தால் கதை முடிந்தது. வெளியூரில் இருக்கிற நீங்கள் இதை யாரை வைத்துச் செய்யப்போகிறீர்கள்?

கரிசல்காரி:

அண்ணாச்சி பயமுறுத்தினாலும் சொல்வது நிஜம்தான். நான் செடியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓட்டப்பிடாரம் பக்கம் எங்களுக்குக் கரிசல். உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் மழை ஏமாற்றும் என்று தோன்றுகிற துண்டில் நிலாவிரை போடுவோம். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் ஐப்பசி மழைக்கு முளைத்து நிற்கும். ஏக்கருக்கு ஆறிலிருந்து எட்டுக் கிலோ விதை. விதைத்தோல் கெட்டியாக இருக்கும், அப்படியே வீசினால் ஒன்று இன்று முளைக்கும், இன்னொன்று அடுத்த மழைக்கு முளைக்கும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, மணலோடு கலந்து விதையுங்கள். முதல் மாதம் களை எடுத்தே ஆக வேண்டும். செடி இடுப்பளவு வளர்ந்து மூடிவிட்டால் பிறகு களைக்கு வேலையில்லை.

வேர் ஆழமாகப் போகும், வறட்சியைத் தாங்கும். ஆனால் அது பயப்படுவது தண்ணீருக்கு. இரண்டு நாள் தேங்கினால் அடி கறுத்து அப்படியே சாய்ந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தைத் தென்பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. அந்த வருடம் எங்கள் ஊரில் பள்ளக்காட்டு நிலாவிரை ஒன்றுகூட மிஞ்சவில்லை. உங்களுடையது செவல், தண்ணீர் வடியும். அந்த வகையில் எங்களைவிட நீங்கள் கொடுத்து வைத்தவர்.

ரகம் கேட்டால் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கேகேஎம் 1 நம் மண்ணுக்குப் பழகியது. குஜராத்திலிருந்து வந்த, தாமதமாகப் பூக்கும் ஆனந்த் ரகமும் உண்டு. பூ தாமதமானால் இலை கூடும், அதுதான் கணக்கு. எந்த ரகமானாலும் முதல் பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளாமல் விட்டால் செடி காய் பிடிப்பதில் இறங்கிவிடும், இலை சிறுத்துவிடும்.

"சில வருடம் நிற்கும்" என்பதை மட்டும் மறந்துவிடுங்கள். செடிக்கு அந்தத் தெம்பு உண்டு, இரண்டு மூன்று வருடம் வைத்திருக்கலாம். ஆனால் இலை வருடத்துக்கு வருடம் குறையும். எங்கள் பக்கம் யாரும் வைப்பதில்லை, ஒரே பருவத்தில் முடித்து உழுதுவிடுகிறோம்.

விளைக்காரன்:

நன்றி அக்கா. ஒரு சந்தேகம். அவரை, உளுந்துக் குடும்பம்தானே இது? நிலத்துக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

வண்டுப்பித்தன்:

சேர்க்காது. குடும்பம் ஒன்றுதான், ஆனால் நிலாவிரை, ஆவாரை, தகரை, பேயாவரை, சீமை அகத்தி எல்லாம் சென்னா என்ற ஒரே பேரினம். இந்தப் பேரினச் செடிகளின் வேரில் பொதுவாக முடிச்சு கட்டுவதில்லை. ஒரு ஆவாரைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள், உளுந்து வேரில் இருக்கிற மணிகள் இருக்காது. முன்பு இவையெல்லாம் கொன்றையோடு சேர்த்து காசியா என்ற ஒரே பெயரில் இருந்தன. 1982-இல் இர்வின், பார்னபி என்ற இரண்டு தாவரவியலாளர்கள் அந்தப் பெரிய கூட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நம் கொன்றை காசியாவிலேயே தங்கிவிட்டது, ஆவாரையும் நிலாவிரையும் சென்னாவுக்கு வந்துவிட்டன. பழைய புத்தகத்தில் காசியா என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இன்னொன்று. இந்தப் பூக்களில் தேனே கிடையாது. மகரந்தப்பையும் மற்றப் பூக்களைப் போல நீளவாக்கில் வெடிக்காது, நுனியில் ஒரு சிறு துளை மட்டும்தான். காலை வெயில் ஏறுகிற நேரத்தில் ஆவாரைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். பறக்கிறபோது எழும் ரீங்காரத்தைவிட உச்சத்தில், விட்டு விட்டு ஒரு சத்தம் வரும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் தெறிக்கும். நடுவில் இருக்கிற சின்ன மகரந்தத் தாள்கள் வண்டுக்கு உணவு. கீழே வளைந்து நிற்கிற பெரியவை அதன் வயிற்றிலும் விலாவிலும் பூசிவிட்டு அடுத்த பூவுக்கு அனுப்பும். சூலகத் தண்டு ஒரு பூவில் இடது பக்கம் சாய்ந்திருக்கும், இன்னொரு பூவில் வலது பக்கம். அருகருகே இருக்கிற இரண்டு பூக்களைப் பறித்து ஒப்பிட்டாலே தெரியும்.

அதனால் நிலாவிரை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலையில் பச்சைப் புழு விழும். அது வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் பிள்ளை. பார்த்த உடனே மருந்தைத் தூக்காதீர்கள், பூவுக்கு வருகிற வண்டும் சேர்ந்து சாகும்.

பேட்டை அண்ணாச்சி:

இலைதான் சரக்கு. ஓட்டை விழுந்த இலையை வண்டுப்பித்தன் வாங்கிக்கொள்வாரா?

வண்டுப்பித்தன்:

மருந்து தெளித்த இலையை வெளிநாட்டில் யார் வாங்குவார்கள், அண்ணாச்சி? எச்சம் பார்க்காமல் எந்தத் துறைமுகத்தில் இப்போது இறக்குகிறார்கள்?

பேட்டை அண்ணாச்சி:

அது நியாயம். கையால் பொறுக்கிப் போடுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். அதையும் பறிப்பு நெருங்குகிற நேரத்தில் நிறுத்திவிட வேண்டும்.

தாமிரபரணிப் பிள்ளை:

இடையில் நுழைகிறேன். உலகச் சந்தையில் இந்தச் செடிக்கே நம் ஊர்ப் பெயர்தான் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, இல்லை வாட்ஸ்அப் பெருமையா?

பேட்டை அண்ணாச்சி:

பெருமையில்லை, உண்மைதான். "டின்னவேலி சென்னா" (திருநெல்வேலி நிலாவிரை) என்றுதான் மூட்டையில் எழுதுவார்கள். ஆனால் செடி இங்கே பிறந்தது இல்லை. அரேபியாவும் கிழக்கு ஆப்பிரிக்காவும் அதன் பூர்வீகம். எகிப்து வழியாகப் போன சரக்கு அலெக்சாண்டிரியா சென்னா. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளி திருநெல்வேலிச் சீமையில் இதைப் பயிராக்கினார். காட்டில் பொறுக்கிய அலெக்சாண்டிரியா இலை உடைந்து, குச்சி கலந்து போகும். இங்கே பயிர் செய்து, பறித்து, தட்டையாகக் காய வைத்து அனுப்பினார்கள். சரக்கு சுத்தம் என்ற பெயர் அங்கேதான் வந்தது. தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. அப்போது தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டம்தான், 1986-இல்தான் பிரிந்தது.

இப்போது ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஏராளமாகப் போடுகிறார்கள். நம் ஊர்ப் பெயரைப் போட்டு அவர்கள் இலையும் போகிறது. அங்கே மழை குறைவு, காற்றில் ஈரம் இல்லை, காய வைப்பது சுலபம். நாம் கார்த்திகையிலும் மார்கழியிலும் இலை பறித்துவிட்டு வானத்தைப் பார்க்கிறோம்.

பாளை மருந்தாளுநர்:

அண்ணாச்சி சொன்னதற்கு ஒரு சான்று மருந்தியல் வகுப்பிலேயே உண்டு. திருநெல்வேலி இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் குறுக்கே அழுந்திய கோடுகள் தெரியும். இலை தட்டையாக அடுக்கப்பட்டு, பெரிய மூட்டையாக இறுக்கிக் கட்டும்போது அழுத்தப்பட்ட தடம் அது. அலெக்சாண்டிரியா இலையில் அது அரிது. காம்பை ஒட்டிய அடிப்பகுதியைப் பாருங்கள், நடு நரம்பின் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் இறங்கியிருக்கும். கலப்படம் பார்க்க இதுதான் முதல் சோதனை.

காயில் மட்டும் அலெக்சாண்டிரியா ஒரு படி மேல். ஐரோப்பிய மருந்துத் தர நூலில் அதன் காய்க்குக் குறைந்தது 3.4 சதவீதம் மருந்துச் சத்து வேண்டும், திருநெல்வேலிக் காய்க்கு 2.2 போதும். அந்தச் சத்துதான் சென்னோசைடு.

வள்ளியூர் மதினி:

மருந்தாளுநர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் மாமியார் தினமும் இரவில் நிலாவிரைப் பொடி ஒரு கரண்டி சாப்பிடுகிறார். பல வருடமாக. "மூலிகைதானே, கெடுதல் என்ன" என்கிறார். இப்போது அது இல்லாமல் மலம் போகவில்லை. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்தச் சொன்னால் என்னைக் கோபிக்கிறார்.

பாளை மருந்தாளுநர்:

அம்மா, இதில் மூலிகை, ஆங்கில மருந்து என்ற பேதமே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்து இது. மருந்துக்கடை மாத்திரையிலும் உங்கள் மாமியார் கரண்டியிலும் அதே சென்னோசைடுதான். ஒரே வித்தியாசம், மாத்திரையில் அளவு தெரியும், கரண்டியில் தெரியாது.

வேலை செய்யும் விதம் இது. சென்னோசைடு சிறுகுடலைத் தாண்டும் வரை ஒன்றும் செய்யாது. பெருங்குடலில் இருக்கிற கிருமிகள் அதை உடைத்த பிறகுதான் குடல் அசைவு கூடும், உறிஞ்ச வேண்டிய தண்ணீரும் குடலிலேயே தங்கும். அதனால்தான் இரவில் சாப்பிட்டால் காலையில், ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில், பலன் தெரிகிறது. எப்போதாவது நாலைந்து நாள் எடுக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் போனால் வைத்தியரைப் பார்க்காமல் தொடரக்கூடாது.

தினமும் போனால் தண்ணீரோடு பொட்டாசியமும் போகும். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிய மாத்திரை கொடுத்திருந்தால் அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கலாம். இரண்டும் சேர்ந்தால் தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மாமியாரோடு சண்டை போடாதீர்கள், பொடி டப்பாவையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். திடீரென்று நிறுத்துவதா, படிப்படியாகவா என்பதை அவர் சொல்லட்டும். சிறுநீர் செந்நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இந்த இலையின் சாயம்.

காரணம் தெரியாத வயிற்று வலிக்கும் குடல் அடைப்புச் சந்தேகத்துக்கும் இதைத் தொடவே கூடாது. "எடை குறைக்கும் தேநீர்" என்று விற்கிற பல பொட்டலங்களில் இதுதான் இருக்கிறது. குறைவது தண்ணீரின் எடை, கொழுப்பு அங்கேயேதான் இருக்கும்.

குடிநீர்:

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள். ஐயா சொன்னதோடு முரண்பட ஒன்றுமில்லை. சித்தத்திலும் நிலவாகைச் சூரணம் என்று இருக்கிறது (நிலவாகை என்பதும் நிலாவிரைதான்), ஆனால் தனி இலையாகக் கொடுப்பதில்லை. சுக்கு, ஓமம் போன்றவற்றைச் சேர்ப்போம், இல்லையென்றால் வயிற்றை முறுக்கும். நாள் கணக்கும் உண்டு. கடையில் பொடி வாங்கி ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொல்லி எந்த ஏட்டிலும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. நம் பக்கம் விவசாயிகளும் வியாபாரிகளும் நிலாவிரையையே "அவுரி" என்கிறார்கள். வைத்தியர் எழுதும் அவுரி நீலி, சாயச் செடி, வேறு இனம். நரைக்கு அவுரிப் பொடி வாங்கிப் பூசிவிட்டு நிறமே பிடிக்கவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. தலையில் பூசினால் பணம் மட்டும்தான் நஷ்டம். குடிக்கச் சொன்ன அவுரிக்கு இதைக் குடித்தால் அன்று முழுக்க வீட்டை விட்டு நகர முடியாது. பொடியாக வாங்காமல் இலையாக வாங்குங்கள். நிலாவிரை நீண்டு கூரான இலை. நீலி சின்ன உருண்ட இலை, காய்ந்தால் நீலம் பாய்ந்து கறுக்கும்.

விளைக்காரருக்கு ஒரு யோசனை. உங்கள் காட்டில் தானாக நிற்கிற ஆவாரையை ஏன் வெட்ட வேண்டும்? அதுவும் இதே பேரினம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிடிக்காது, உவரையும் வறட்சியையும் தாங்கும், யாரும் விதைக்காமலே பல வருடம் நிற்கும். நீங்கள் கேட்ட மூன்று குணமும் அதில்தான் இருக்கிறது. பூவும் பட்டையும் விலை போகும். தோல் பதனிடுகிறவர்கள் பட்டையை வாங்கிய காலம் உண்டு. ஆவாரைக் குடிநீர் என்ற கஷாயத்தில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம் சேரும். சர்க்கரை நோய்க்குச் சித்த மருத்துவர்கள் கொடுப்பது அது. அதற்காகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ தேநீரில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தாமிரபரணிப் பிள்ளை:

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சும்மாவா சொன்னார்கள்!

குடிநீர்:

சொன்னார்கள். சொன்னவர்களும் செத்துத்தான் போனார்கள்.

கரிசல்காரி:

பொங்கல் காப்புக்கு மட்டும் எங்களுக்கு ஆவாரம்பூ கட்டாயம். அதை விலைக்கு வாங்குகிற காலம் வந்துவிட்டது என்பது தனி வருத்தம், டவுனில் ஒரு சின்னக் கட்டுக்குக் கேட்கிற காசு அநியாயம்.

வண்டுப்பித்தன்:

ஆவாரையை விட்டுவைப்பதென்றால் பேயாவரையை மட்டும் கண்டுபிடித்துக் களைந்துவிடுங்கள், குறிப்பாகக் குழந்தைகள் வருகிற இடத்தில். மேற்கு உத்தரப்பிரதேசத்தில் வருடாவருடம் குழந்தைகளைக் கொன்ற ஒரு நோயை மூளைக்காய்ச்சல் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். பேயாவரைக் காயைப் பிள்ளைகள் பறித்துத் தின்றதுதான் காரணம் என்று 2007-ஐ ஒட்டி மருத்துவர்கள் காட்டினார்கள். கல்லீரல், தசை, மூளை மூன்றையும் அது தாக்கும். இலையைக் கசக்கினால் கெட்ட வாடை அடிக்கும், காய் மெலிந்து லேசாக வளைந்து மேல்நோக்கி நிற்கும்.

விளைக்காரன்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒரு ஏக்கர் ஆவாரைக்கு விட்டுவிட்டு, கிழக்கு ஓரம் அரை ஏக்கர் மட்டும் நிலாவிரை போடலாம் என்கிறார். இதற்கிடையே ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. விதை அவர்களே தருவார்களாம், விளைந்ததும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். விதைக்கு முன்பணம் கேட்கிறார்கள். சேரலாமா?

பேட்டை அண்ணாச்சி:

சேர வேண்டாம். திரும்ப வாங்குகிறேன் என்று சொல்லி விதையைப் பொன் விலைக்கு விற்றுவிட்டு, பறிப்பு நேரத்தில் போனை எடுக்காத ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விதை விற்பதுதான் வியாபாரம். முதலில் தூத்துக்குடியில் இலை வாங்குகிற இரண்டு கடைக்கு நேரில் போங்கள். போன வருடச் சரக்கில் ஒரு பிடி கேட்டு வாங்கி வாருங்கள், நல்லதில் ஒன்று, தள்ளியதில் ஒன்று. வீட்டில் வைத்து அப்பாவுக்குக் காட்டுங்கள். கண்ணுக்குப் பழகாமல் காய வைக்க முடியாது. விலையை இங்கே கேட்காதீர்கள், நான் இன்று சொல்வது தை மாதம் இருக்காது.

கரிசல்காரி:

அரை ஏக்கர் சரிதான். மானாவாரியில் ஏக்கருக்கு 400 கிலோ உலர் இலை என்று கையேட்டில் கணக்கு, உங்களுக்கு முதல் வருடம் அரை ஏக்கரில் 150 வந்தால் சந்தோஷப்படுங்கள். பச்சை இலை அதைப்போலப் பல மடங்கு இருக்கும், வீட்டுத் திண்ணை போதாது. பனைதான் நிற்கிறதே, ஓலை வெட்டிக் காற்றோட்டமான கொட்டகை ஒன்று போட்டுவிடுங்கள். இலை இணுங்குகிற ஆட்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். ஊரில் அரசு வேலைத்திட்டம் நடக்கிற வாரத்தில் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

விளைக்காரன்:

முதல் பறிப்புக்கு நானே விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். எப்போது எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் அக்கா.

கரிசல்காரி:

விதைத்து இரண்டு மாதம் தாண்டியதும் கீழ் இலையைப் பாருங்கள். தடித்து, லேசாக நீலம் ஓடிய பச்சைக்கு வந்திருந்தால் பறிக்கலாம். கொழுந்தை விட்டுவிடுங்கள், அடுத்த மாதம் அது தரும். பனி உலர்ந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல்தான் கை வைக்க வேண்டும். விடுப்பைத் தேதி பார்த்து எடுக்காதீர்கள், மழை விட்ட நாள் பார்த்து எடுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:

புதுச் சணல் சாக்கு வாங்குங்கள், உரச்சாக்கில் கட்டிக்கொண்டு போனால் கடைக்காரர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

கரிசல்காரி:

விதை என்னிடம் வேண்டுமென்றால் ஆவணிக்குள் சொல்லிவிடுங்கள் தம்பி. புரட்டாசி பிறந்தால் மிச்சம் இருக்காது.